பழைய டீசலா, புதிய டீசலா? எல்லையோரத்தில் ஒரு கணக்கு

குளத்தூரில் ஒரு டீசல் எஸ்யூவி வாங்குவது இரண்டு மாநிலங்களோடு சம்பந்தம் பேசுவது போன்ற காரியம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்துக் கிடக்கும் இந்தப் பஞ்சாயத்துக்கு ஒரு பக்கம் பொழியூர்க் கடல். இன்னொரு பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கொல்லங்கோடு. உச்சக்கடையில் மளிகை வாங்குகிறவரின் மகள் மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். களியக்காவிளையில் கடை வைத்திருப்பவரின் வீடு பாறசாலையில் இருக்கும். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், தெருவில் இரண்டும்.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு உறவுகளைப் பிரிக்கவில்லை. வண்டிகளைப் பிரித்துவிட்டது. பாறசாலை வண்டிக்கு கேஎல்-19, நெய்யாற்றின்கரை வண்டிக்கு கேஎல்-20, சில கிலோமீட்டர் தள்ளி மார்த்தாண்டத்தில் டிஎன்-75. ஒரே சந்தைக்கு வந்து, ஒரே மரத்தடியில் நிற்கும் இந்த வண்டிகளுக்கு வரி வேறு, காகிதம் வேறு, கை மாறும்போது வரும் தலைவலியும் வேறு.

இந்த ஊரில் கொஞ்சம் பணம் சேர்ந்த குடும்பம் எதுவானாலும் ஒரு நாள் அந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறது: ஷோரூமுக்குப் போவதா, புரோக்கரைக் கூப்பிடுவதா? பணம் பெரும்பாலும் வளைகுடாவில் சம்பாதித்ததாக இருக்கும். அல்லது நகையை வைத்து வாங்கியதாக இருக்கும். தவறாகப் போனால் நஷ்டம் வண்டியோடு நிற்காது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு மைத்துனர் சொல்லும் பதிலைவிடக் கொஞ்சம் கவனமான பதில் தேவைப்படுகிறது.

முதல் கேள்வி: டீசல் எதற்கு?

டீசல் மோகத்துக்கு ஒரு காலம் இருந்தது. 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்டுவிட்டு, டீசலை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டது. 2012 மே மாதம் தில்லியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியது. அந்தக் கணக்கில் டீசல் வண்டி வாங்காதவர் ஏமாளி என்றே பேசப்பட்டார். 2014 அக்டோபரில் டீசல் விலையும் சந்தைக்குப் போனது. இடைவெளி சுருங்கியது. மோகம் மட்டும் சுருங்க மறுத்தது.

இன்றைய கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் லிட்டர் 105 ரூபாய், டீசல் 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவுள்ள இரண்டு வண்டிகளில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் டீசல் வண்டி 16 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஏறத்தாழ 3 ரூபாய். புதிய டீசல் வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 1.2 லட்சம் என்றால், அதை மீட்க 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர், நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு ஆண்டுக்குள் மீட்டுவிடுவார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, உச்சக்கடை வரை போய்த் திரும்புகிறவருக்கு தினம் 10 கிலோமீட்டர்தான். அவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். தமிழ்நாட்டில் எரிபொருள் விலை குறைவு என்பதால் களியக்காவிளை பங்குக்குப் போய் நிரப்பும் வழக்கம் இந்தப் பக்கம் பழையது. 2023 ஏப்ரல் முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வசூலிக்கத் தொடங்கியபின் அந்த வழக்கம் இன்னும் நியாயமானது. ஆனால் அது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பொதுவான லாபம். டீசல் வாங்குவதற்கான காரணம் ஆகாது.

புகைக்குழாயில் ஒரு வடிகட்டி

புதிய டீசல் வண்டியைப் பற்றி ஷோரூமில் உரக்கச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளை மட்டுமே விற்க முடியும். டீசல் கார் வெளியேற்றும் நுண்துகளின் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது; நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு 250 இலிருந்து 80 ஆனது. சாதாரண விஷயமல்ல. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியிருந்தது.

இந்தச் சுத்தத்தைச் சாதிக்கப் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். டிபிஎஃப் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். கரித்துகள் அதில் சேரும். சேர்ந்ததை வண்டியே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. நிற்காமல் ஒரே சீரான வேகத்தில் கால் மணி நேரமாவது ஓடினால்தான் அந்த வெப்பம் கிடைக்கும். மதில்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் குளத்தூர் ஊர்ச்சாலையில் இரண்டாவது, மூன்றாவது கியரைத் தாண்ட முடியாது. தினம் மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும். அலட்சியப்படுத்தினால் வடிகட்டியையே மாற்ற நேரும். அந்தச் செலவு பல பத்தாயிரங்களைத் தொடும்.

பக்கத்திலேயே மருந்து இருக்கிறது. விழிஞ்ஞம் அருகே முக்கோலையிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட நான்குவழிச் சாலை, கேரளத்தில் கான்கிரீட்டால் அமைந்த முதல் தேசிய நெடுஞ்சாலைப் பகுதி. வாரம் ஒருமுறை அதில் ஒரு நடை போய் வந்தால் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் வடிகட்டிக்காக வாரம் ஒரு நடை போக வேண்டியவருக்கு டீசல் வண்டியே தேவையில்லை என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட வேண்டிய உண்மை.

2020க்கு முந்தைய பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி கிடையாது. உள்ளூர் மெக்கானிக் கைவைக்கக்கூடிய வண்டி என்ற அவற்றின் பெயருக்கு அதுதான் காரணம். பழைய ஸ்கார்ப்பியோ, பொலேரோ, இன்னோவாவுக்கு இன்றும் கிராக்கி குறையாததற்கும் அதுவே காரணம். அந்த வசதிக்கான விலையை வண்டிக்காரர் கொடுப்பதில்லை. பின்னால் சைக்கிளில் வருகிற பிள்ளை கொடுக்கிறது.

கோடு தாண்டும் காகிதம்

டீசல்தான் வேண்டும், பழையதுதான் கட்டுபடியாகும் என்று முடிவாகிவிட்டால், குளத்தூர்க்காரர் பார்க்க வேண்டியது பானெட்டுக்குக் கீழே இருப்பதைவிட ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதை.

மார்த்தாண்டத்தில் ஒரு வண்டி இருபதாயிரம், முப்பதாயிரம் மலிவாகக் கிடைக்கும். டிஎன்-75 எண்ணோடு வீட்டுக்கும் வந்துவிடும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து தடையில்லாச் சான்று வர வேண்டும். வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் கடிதம் வேண்டும். பிறகு மீதமுள்ள ஆண்டுகளுக்குக் கேரளத்தில் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் முன்பு கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்பது தனி மனு, தனி நடை. இதையெல்லாம் கூட்டினால் மார்த்தாண்டத்து மலிவு பாறசாலை வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும்.

புதிய வண்டியிலும் இந்தச் சபலம் உண்டு. அத்தை வீட்டு முகவரி கொல்லங்கோட்டில்; அங்கே பதிவு செய்தால் வரி மிச்சம் என்பார்கள். எவ்வளவு மிச்சம்? 2023இல் இரு மாநிலங்களுமே ஆயுள் வரியை உயர்த்தின. 10 முதல் 15 லட்சம் வரையுள்ள காருக்கு இரண்டு பக்கமும் 15 சதவீதம்தான். 15 முதல் 20 லட்சம் வரை கேரளத்தில் 17, தமிழ்நாட்டில் 15. 20 லட்சத்துக்கு மேல் கேரளத்தில் 22, தமிழ்நாட்டில் 20. ஆக 16 லட்சம் ரூபாய் வண்டிக்கு வித்தியாசம் 32,000 ரூபாய். வண்டி வழக்கமாக எங்கே நிறுத்தப்படுகிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தை 32,000 ரூபாய்க்காக மீறுவது சாமர்த்தியம் ஆகாது. புதுச்சேரியில் பொய் முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த கேரளப் பிரமுகர்கள் 2017இல் விசாரணைக்குப் போய் நின்றது இந்தப் பகுதியில் மறந்துபோன சங்கதி அல்ல.

வரியைவிடப் பெரிய ஆபத்து பெயர் மாற்றத்தில் இருக்கிறது. வாங்கியவர் பெயரை மாற்றாமல் ஓட்டுவதும், விற்றவர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டி மூன்று கை மாறுவதும் எல்லையோரச் சந்தையில் சகஜம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது: விபத்து நடந்த நாளில் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இழப்பீடு அவர் தலையில்தான். அந்த வழக்கில் வண்டியை விற்றவர் 2007இலேயே விற்றிருந்தார். விபத்து நடந்தது 2009இல். இடையில் வண்டி பல கை மாறியிருந்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவில்லை.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கிறவர்களுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். விற்றவர் மாநிலத்துக்குள் என்றால் 14 நாளில், வெளி மாநிலம் என்றால் 45 நாளில் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். கையில் பணத்தை எண்ணிக்கொண்ட பிறகு இந்த நாட்களை எண்ணுகிறவர்கள் குறைவு.

தில்லியிலிருந்து வரும் மலிவு

எல்லை தாண்டும் வண்டிகளில் மிக மலிவானது பக்கத்து மாநிலத்து வண்டி அல்ல, தலைநகரத்து வண்டி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும், தில்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓட முடியாமல் போனது. எட்டு வயது, ஒன்பது வயது வண்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிளம்பித் தெற்கே வந்தன. 2025இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கடுமையைத் தளர்த்தியது. பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய வண்டிகளுக்கு அந்தத் தளர்வு ஆண்டு முடிவதற்குள் பறிபோனது.

தெற்கே வந்தால் தப்பித்தோம் என்றும் இருக்க முடியாது. 2016 மே மாதம் கொச்சியில் கூடிய பசுமைத் தீர்ப்பாய அமர்வு, திருவனந்தபுரம் உட்பட கேரளத்தின் ஆறு நகரங்களில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. கேரள உயர் நீதிமன்றத்தில் அதற்குத் தடை வாங்கப்பட்டது. அன்று நின்றுபோனது என்றைக்கும் நின்றுபோகும் என்று எந்தப் புரோக்கரும் உத்தரவாதம் தர முடியாது. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த விதி, 20 ஆண்டு கடந்த காருக்கு அதை 10,000 ஆக்கியது. அரசின் மனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே பழைய டீசல் வண்டிக்கு விலை பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை ஆண்டு ஓடியது என்பதல்ல. இன்னும் எத்தனை ஆண்டு ஓட விடுவார்கள் என்பது. 2012இல் பதிவான வண்டிக்கு 2027 வரைதான் முதல் ஆயுள். எவ்வளவு பளபளத்தாலும் அது வாடகை வீடு மாதிரி. காலி செய்யும் தேதி எழுதியாகிவிட்டது.

விலை விழுந்தது யாருக்கு?

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. மாறியபோது இந்தச் சந்தை ஒரு முறை குலுங்கியது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் எஞ்சினும் உள்ள டீசல் வண்டிக்கு அதுவரை செஸ்ஸோடு 31 சதவீத வரி. அது 18 ஆனது. பெரிய எஸ்யூவிக்கு 50 சதவீதமாக இருந்தது 40 ஆனது. சிறிய டீசல் வண்டியின் விலையில் ஏறத்தாழ 10 சதவீதமும் பெரியதில் ஏறத்தாழ 7 சதவீதமும் குறைய வழி பிறந்தது.

இதன் பொருள் பழைய வண்டி விற்பவருக்குக் கசக்கும். “நான் பதினைந்து லட்சம் கொடுத்து எடுத்த வண்டி அண்ணே” என்று அவர் சொல்லும் பதினைந்து லட்சத்தில் பழைய வரியும் அடங்கியிருக்கிறது. பேரத்தை அவர் கொடுத்த விலையிலிருந்து தொடங்கக் கூடாது. அதே மாடல் இன்று ஷோரூமில் என்ன விலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். காப்பீட்டுக் கணக்கில் மூன்று வயது முடிந்து நான்காவது வயதில் இருக்கும் வண்டிக்கு 40 சதவீதம் கழிக்கிறார்கள். சந்தை அவ்வளவு கழிக்காது. ஆனால் பேசத் தொடங்குவதற்கு அது நல்ல எண். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி பொதுவாகச் சில சதவீதம் கூடுதல் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பெனி இருக்கிறதா என்பதும் ஒரு கேள்விதான். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டது. சென்னை மறைமலைநகரில் எக்கோஸ்போர்ட் தயாரித்த ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. நல்ல வண்டிகள்தான்; அதனாலேயே மலிவு. இன்ஜெக்டரும் டர்போவும் தேவைப்படும் நாளில் அவை பக்கத்தில் கிடைக்குமா என்று வாங்குமுன் ஒரு நடை விசாரிப்பது நல்லது.

கண்ணும் காதும்

பழைய டீசல் வண்டியைப் பார்க்க விடிகாலையில் போக வேண்டும். முந்தின இரவிலிருந்து நின்ற வண்டி முதல் முயற்சியில் கிளம்பும் விதத்தில் பாதி உண்மை வெளிவந்துவிடும். சூடாக்கி வைத்திருந்தால் விற்பவருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. விடாமல் வரும் வெண்புகையில் கூலண்ட் கலந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். குபுகுபுவென்று காற்று தள்ளினால் உள்ளே தேய்மானம் அதிகம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்புவதைவிடச் சர்வீஸ் பில்லையும், பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் நம்பலாம். “டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்” என்ற வாக்கியத்தை இந்த நாட்டில் உள்ள டாக்டர்களின் எண்ணிக்கை தாங்காது.

இந்தக் கரையோரத்தில் இன்னொரு எதிரி உப்பு. பொழியூரிலும் பூவாற்றிலும் வருடக்கணக்கில் கடற்காற்றில் நின்ற வண்டியை லிப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. எஞ்சினை மாற்றலாம், துருப்பிடித்த சட்டத்தை மாற்ற முடியாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும், கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும் வெள்ளம் புகுந்த வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை சொல்லிவிடும். தரைவிரிப்புக்குக் கீழே வண்டல் இருக்கும். எவ்வளவு வாசனை அடித்தாலும் ஈர நாற்றம் போகாது.

யாருக்கு எது?

மேற்சொன்னதையெல்லாம் கூட்டிக் கழித்தால் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தினம் 60, 70 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர், எட்டுப் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், புதிய டீசல் எடுக்கலாம். அதைச் சொந்த மாநிலத்தில், சொந்த முகவரியில் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு 12,000, 15,000 கிலோமீட்டர் ஓடுகிற வாழைத்தோட்டக்காரருக்கும் மீன் வியாபாரிக்கும் மூன்று நான்கு வயதான, முதல் கையிலிருந்து வரும், கேரளத்திலேயே பதிவான பாரத் ஸ்டேஜ் 6 வண்டி ஏற்றது. முதல் சரிவை முதல் உரிமையாளர் தாங்கியிருப்பார். ஆயுளில் பெரும்பங்கு மிச்சமிருக்கும். தில்லி வண்டியும், 2020க்கு முந்தைய முதிர்ந்த வண்டியும் மெக்கானிக்காகவே பிழைக்கிறவருக்கு வேண்டுமானால் லாபம்.

மிகவும் யோசிக்க வேண்டியவர் வளைகுடாவில் இருக்கிறவர். ஆண்டில் ஒரு மாதம் ஊருக்கு வருகிறவர் வாங்கும் புதிய டீசல் எஸ்யூவி மற்ற பதினோரு மாதம் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. பேட்டரி இறங்குகிறது, டயர் ஒரே இடத்தில் நசுங்குகிறது, தவணை மட்டும் மாதம் தவறாமல் ஓடுகிறது. அந்த ஒரு மாதத்துக்கு வாடகைக் கார் பிடித்தாலும் மிச்சம்தான். ஆனால் வாடகைக் கார் போர்டிகோவில் நிற்காது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை கட்டப்பட்ட பல வீடுகளில் போர்டிகோ வண்டிக்கு முன்பே வந்துவிட்டது. டீசல் எஸ்யூவியின் விற்பனையில் எஞ்சினுக்கு இருக்கும் பங்கைவிட அந்தக் காலி போர்டிகோவுக்கு இருக்கும் பங்கு அதிகம். அதை நிரப்புவதற்காக வாங்கும் வண்டியில், புதியது என்றாலும் பழையது என்றாலும், லாபம் பார்ப்பவர் விற்றவர் மட்டுமே.